மின்தடையத்தின் மீதுள்ள நிற வளையங்களை வைத்து அதன் மதிப்பை எப்படிக் கண்டறிவது?

மின்சுற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சிறு பாகமான மின்தடையத்தின் (resistor) மீதுள்ள நிற வளையங்கள், அதன் மின்தடை எத்தனை ஓம் (மின்தடையின் அலகு) என்பதைக் குறிக்கும் எண்களாகும். பால் பாக்கெட்டின் நிறத்தைப் பார்த்தே அது எந்த வகைப் பால் என்று அறிந்துகொள்வதைப் போன்றதே இதுவும். அரிசி மணியைவிடச் சற்றே பெரிதான உருளையில் எண்ணை அச்சிட்டால் படிப்பது கடினம். மின்சுற்றுப் பலகையில் பற்றவைத்தபின் எண் அடிப்பக்கம் மறைந்துவிடவும் கூடும். வளையமோ உருளையை முழுவதும் சுற்றியிருப்பதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்.

கருப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் வரிசையே என்பதால், இதை மனப்பாடம் செய்வது நினைப்பதைவிட எளிது.

நான்கு வளையங்கள் உள்ளவற்றில் முதல் இரண்டும் இலக்கங்கள். மூன்றாவது, அவற்றுக்குப் பின் எத்தனை சுழியங்கள் என்பதைச் சொல்கிறது. நான்காவது, மதிப்பு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதைக் காட்டுகிறது. மஞ்சள், ஊதா, சிவப்பு, தங்கம் என்றிருந்தால், 47-க்குப் பின் இரண்டு சுழியங்கள் சேர்ந்து 4,700 ஓம் ஆகும். தங்கம் 5 விழுக்காடு என்பதால் உண்மை மதிப்பு 4,465 முதல் 4,935 ஓம் வரை இருக்கலாம். வெள்ளி 10 விழுக்காட்டைக் குறிக்கும். தங்கமோ வெள்ளியோ கடைசியில் வரும்படி பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். ஐந்து வளையங்கள் இருந்தால் முதல் மூன்றும் இலக்கங்கள்.

உருளை பெரிதாக இருந்தால் மின்தடையும் அதிகம் என்று பலர் கருதுவது தவறு. பருமன் பொதுவாக அது எத்தனை வாட் வெப்பத்தைத் தாங்கும் என்பதோடு தொடர்புடையதே தவிர, ஓம் மதிப்போடு அன்று.