கேளுங்கோ சொல்லுறன்: ஊனோ போர்ட்டுக்க ஹஸ்கல் ஓடுமோ?

கேள்வி: வவுனியாவில கம்பஸ் படிக்கிறன், வீடு பரந்தன். ஹஸ்கல் மொழியைக் கொஞ்சம் நோண்டிப் பாத்ததில பிடிச்சுப்போச்சு. அப்பாவின்ர மிளகாய்த் தோட்டத்துக் குழாய்க்கிணத்து மோட்டரைத் தானாப் போட்டு நிப்பாட்டுற பெட்டி ஒண்டு செய்ய யோசிக்கிறன். கையில ஆடுயினோ ஊனோ எண்ட சின்னக் கொம்பியூட்டர் போர்ட் கிடக்கு. ஹஸ்கல்ல எழுத ஏலுமோ? சி மொழியில எழுத விருப்பமில்லை.

பதில்: நேர ஏலாது தம்பி. ஹஸ்கலுக்குக் கன மெமரி வேணும், ஊனோ சிப்பில ராம் (ஓடேக்க பாவிக்கிற மெமரி) 2 கிலோபைட், அவ்வளவுதான். ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைஞ்சது 3 பைட் போகும், அப்ப நான் உங்களுக்கு எழுதுற இந்தப் பதிலைக்கூட அதுக்க முழுசா வைக்க இடம் காணாது.

ஏன் இந்த மொழியளுக்கு இவ்வளவு மெமரி வேணும் எண்டா, ஹஸ்கல் மாதிரி மொழியள் பழைய பெறுமதியை மாத்தாது, ஒவ்வொருக்காவும் புதுசு ஒண்டு செய்யும். கலியாண வீட்டுப் பந்தி மாதிரி எண்டு வையுங்கோ, ஆளுக்குப் புது வாழையிலை, சாப்பிட்ட இலையை எடுக்க வேற ஒராள் நிக்கவேணும், அந்த ஆள்தான் கார்பேஜ் கலெக்டர், அவர் இலை எடுக்கிற நேரம் பரிமாறுறது கொஞ்சம் நிக்கும். சி எண்டது ஒரே கோப்பையைக் கழுவிக் கழுவிச் சாப்பிடுற ஆள். போதாக்குறைக்கு ஹஸ்கல் கணக்கை உடன செய்யாது, தேவைப்படேக்க பாப்பம் எண்டு கட்டி வைக்கும், அந்தக் கட்டுகளும் மெமரியிலதான் குவியும். இலை எடுக்க நிக்கிற நேரத்தால தண்ணி மோட்டருக்கு 20 மில்லிசெக்கன் பிந்தினா ஒண்டுமில்லை, ட்ரோன் எண்டா விழவும் கூடும்.

ஆனா சுத்துவழி இருக்கு. ஹஸ்கல்ல எழுதி அதில இருந்து சி கோட் எடுக்கிறது. கோபைலட் எண்டு ஒண்டு இருக்கு (இப்ப எல்லாரும் கதைக்கிற ஏஐ கோபைலட் இல்லை, அதுக்கு முந்தின ஆள்), நாசா ஆக்கள் பாவிக்கிறது, அது தாற சி கோட் எப்பவும் ஒரே அளவு மெமரிதான் எடுக்கும். ஹஸ்கல் உங்கட லப்டொப்பிலயே நிண்டுடும், போர்ட்டுக்குப் போறது சி மட்டும். ஆடுயினோவுக்கெண்டே ஜூனிப்பர் எண்டும் ஒரு ஃபங்ஷனல் மொழி (ஹஸ்கல் வகை மொழி) இருக்கு, அது சி பிளஸ் பிளஸ் ஆக மாறிப் போகும்.

என்னைக் கேட்டா மொழியை விடுங்கோ, அந்த யோசிக்கிற விதத்தை எடுங்கோ. தொட்டியில தண்ணி எவ்வளவு, இப்ப நேரம் என்ன, மோட்டர் ஓடுதோ நிக்குதோ, இது மூண்டையும் வாங்கி இனி என்ன செய்யிறது எண்டு மட்டும் சொல்லுற ஒரு ஃபங்ஷன். அதுக்குள்ள ரிலேயை (மோட்டரைப் போட்டு நிப்பாட்டுற சுவிட்சை) தொடக்கூடாது, மணிக்கூட்டைப் பாக்கக்கூடாது. அதெல்லாம் வெளிய.

இது நான் பட்டுப் படிச்சது. முந்தி ஒரு பெட்டி செய்தனான், எல்லாத்தையும் லூப்புக்க (திரும்பத் திரும்ப ஓடுற பகுதிக்க) போட்டுக் குழைச்சு. ஆடுயினோவின்ர மில்லிசெக்கன் எண்ணிக்கை 49 நாளும் சொச்சமும் போக திரும்பவும் பூச்சியத்துக்கு வந்திடும், நான் அதை யோசிக்கேல்லை. நிப்பாட்டுற நேரம் எண்டு கூட்டி வச்ச இலக்கம் சுத்திப்போய்ச் சின்னனாகி, அரைமணித்தியாலம் ஓடவேண்டிய மோட்டர் போட்ட உடன நிண்டிட்டுது. பேந்து போய்ப் பாத்தா ஒழுங்கா ஓடுது! பிழையை எங்க பிடிக்கிறது? (வன்னியில கரண்ட் போகாம 49 நாளோ எண்டு கேப்பியள், சோலார் பட்டரியில ஓடினது.) நேரத்தை வெளிய இருந்து குடுத்திருந்தா லப்டொப்பில இருந்துகொண்டே 50 நாளை ஒரு செக்கனில ஓட்டிப் பாத்திருக்கலாம். கூட்டி வைக்காம, இப்ப நேரத்தில இருந்து தொடங்கின நேரத்தைக் கழிச்சுப் பாக்கவேணும், அவ்வளவுதான் திருத்தம்.

கேள்வி: முத்தையன்கட்டில தோட்டம். மகன் செய்து தந்த மோட்டர்ப் பெட்டி இடி மின்னல் நேரம் இறுகிப்போய் நிக்குது, நிப்பாட்டிப் போட்டாத்தான் வேலை செய்யுது. இதுக்கு எர்லாங் எண்ட மொழி நல்லதெண்டு மகன் சொல்லுறான், உண்மையோ?

பதில்: மகன் சொல்லுறதில பாதி உண்மை அண்ணை. எர்லாங் 1986 இல எரிக்சன் கொம்பனியில ஜோ ஆம்ஸ்ட்ரோங் ஆக்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கெண்டு தொடங்கினது. ஒரு பகுதி விழுந்தா விழட்டும், மேல நிக்கிற ஒண்டு அதைத் திரும்ப எழுப்பி விடும், மற்றக் கோல்கள் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் அதின்ர கொள்கை. ஊனோவில ஓடாது. ஈஎஸ்பி32 எண்ட வேற போர்ட் வாங்கினா, அதில 520 கிலோபைட் ராம் இருக்கு, அட்டம் வீஎம் எண்ட, எர்லாங்கை ஓட்டுற சின்ன மென்பொருளைப் போட்டு எர்லாங்கோ அதின்ர சொந்தக்கார மொழி எலிக்சரோ ஓட்டலாம்.

மற்றப் பாதி என்னெண்டா, சிப்பே இறுகினா எந்த மொழியும் உதவாது. வோச்டோக் எண்ட டைமர் சிப்புக்குள்ளயே இருக்கு, ஊனோவில ஆகக்கூடினது 8 செக்கன் வைக்கலாம், அதுக்குள்ள புரோகிராம் குரல் குடுக்காட்டி சிப்பை ரீசெட் பண்ணிவிடும். முதல் அதைப் போடச் சொல்லுங்கோ, காசு செலவில்லை. கரண்ட் போய் வந்தா நிலைமை மறந்துபோகாம இருக்க ஈப்ரொம்மில (கரண்ட் போனாலும் அழியாத மெமரியில) எழுதலாம், ஆனா ஒரு இடத்தில 100,000 தரம் எழுதத்தான் உத்தரவாதம், மகன் செக்கனுக்கு ஒருக்கா எழுதினா 28 மணித்தியாலத்தில அது முடிஞ்சிடும். மோட்டர் போடேக்க நிப்பாட்டேக்க மட்டும் எழுதினாக் காணும்.

கேள்வி: புதுக்குடியிருப்பில படிப்பிக்கிறன். ஓ.எல் பிள்ளையளுக்கு லிஸ்ப் காட்டலாமோ, பைதன் நல்லதோ?

பதில்: பைதன் தான் ரீச்சர், பிக்கோ எண்ட சின்னப் போர்ட்டில மைக்ரோபைதன் (சின்னச் சிப்புகளில ஓடுற பைதன்). ஒரு வரி அடிச்ச உடன லைட் எரியும், அதுதான் பிள்ளையளைப் பிடிச்சு இருத்தும். லிஸ்ப்பிலயும் அந்தச் சுகம் இருக்கு, யூலிஸ்ப் எண்ட சின்ன லிஸ்ப் ஊனோவிலயே ஓடும், 1999 இல நாசாவின்ர டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில ஓடின ரிமோட் ஏஜன்ட் எண்ட, கலத்தைத் தானா நடத்தின புரோகிராமும் லிஸ்ப்தான். ஆனா நாப்பது பிள்ளையளின்ர அடைப்புக்குறியை எண்ணித் திருத்தப்போறது நீங்கள்.