லேப்டாப்பில் ப்ராசஸர் மாற்றியபின் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை. ஏன்?

இன்டெல் ஐ3-2310எம் ப்ராசஸர் இருந்த இடத்தில் ஐ5-3210எம் போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஜி2 சாக்கெட்தான் (சிப் பொருந்தும் இடம்), அதனால் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். ஆனால் பழையது இரண்டாம் தலைமுறை, புதியது மூன்றாம் தலைமுறை. அதற்கான மைக்ரோகோடு (சிப்பை இயக்கும் உள்நிரல்) பயாஸில், அதாவது லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருளில், இல்லாவிட்டால் இப்படித்தான் கறுப்புத் திரையோடு நிற்கும். என் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பழைய சிப்பையே திரும்பப் போட்டு, லேப்டாப் நிறுவனம் கடைசியாக வெளியிட்ட பயாஸை ஏற்றுங்கள். அதன் குறிப்பில் மூன்றாம் தலைமுறை பற்றிப் பேச்சே இல்லையென்றால், ஆசையை விட்டுவிட்டு ஐ5-2520எம் தேடுங்கள். அதுவும் பழையதைப் போல இரண்டாம் தலைமுறை, 35 வாட்தான், கூலரை மாற்ற வேண்டியதில்லை.

பழைய சிப்பிலும் திரை வரவில்லையா? சாக்கெட் ஓரத்துத் திருகு பூட்டுக் குறிக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பலர் மறப்பது இதைத்தான். அப்புறம், சிப்பின் அடியில் உள்ள ஊசிகளைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வரிசை கோணலாகத் தெரியும். கை வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.