செடி வளர்க்கும் அறையில் கரியமில வாயுவைச் சேர்ப்பது பாதுகாப்பானதா?

சேர்க்கலாம்; ஆனால் வெளிச்சம் போதாத அறையில் அதனால் பெரிய பயனில்லை. வெளிக்காற்றில் இவ்வாயு சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கிறது. நல்ல ஒளியும் நீரும் உரமும் கிடைக்கும் தக்காளி, மிளகாய் போன்ற செடிகளுக்கு 800 முதல் 1,200 பிபிஎம் வரை உயர்த்தினால் ஒளிச்சேர்க்கை விரைவுபடும். இருளில் ஒளிச்சேர்க்கை நடைபெறாது என்பதால் விளக்கு அணையும்போதே வாயுவும் நிற்க வேண்டும்.

நீங்கள் அஞ்ச வேண்டியது இந்த அளவை அல்ல, கசிவைத்தான். மூன்று மீட்டர் நீள அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையில் 600 பிபிஎம் கூட்டுவதற்குப் பதினான்கு லிட்டர் வாயுகூடத் தேவைப்படாது. அதே அறையில் 10 கிலோ சிலிண்டர் ஒன்று முழுவதும் கசிந்துவிட்டால், காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கரியமில வாயுவாகிவிடும். அதைச் சுவாசிப்பவர் சிறிது நேரத்திலேயே நினைவிழந்து உயிரிழக்கக்கூடும். பல நாடுகளில் எட்டு மணி நேரப் பணிக்கு 5,000 பிபிஎம்மே சராசரி வரம்பு.

இவ்வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் தாழ்வான இடங்களில் தேங்கும். ஆகவே, வாயுவைத் தானாக நிறுத்தும் அளவுமானியைச் செடிகளின் உயரத்திலும், எச்சரிக்கை மணியுள்ள தனி உணரியைத் தரைக்கு அருகிலும் பொருத்துங்கள். அளவைக் காட்டும் திரை கதவுக்கு வெளியே இருக்கட்டும். சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் பிணைக்க வேண்டும். எரிவாயுவை எரித்துக் கரியமில வாயுவை உண்டாக்கும் அடுப்பு வகைக் கருவிகளை வீட்டினுள் நான் பரிந்துரைக்க மாட்டேன். எரிதல் முழுமையடையாதபோது அவை நச்சான கார்பன் மோனாக்சைடையும் உமிழும். தலைவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் வால்வைத் தேடிக்கொண்டிராமல் உடனே வெளியேறுங்கள்.