மடங்கும் உளியைச் சாணைச் சக்கரத்தில் வைக்காதீர்கள்

கேள்வி: நான்கு உளிகள் கொண்ட தொகுப்பு ஒன்றும் இரும்பு இழைப்புளி ஒன்றும் புதிதாக வாங்கி மூன்று வாரம் ஆகிறது. கெட்டி மரத்தில் துளை எடுக்கும்போது, கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) பத்து அடி அடிப்பதற்குள் உளியின் முனை மடங்கிவிடுகிறது. இழைப்புளியிலோ சீவல் அடைத்துக்கொள்கிறது. விற்றவரிடம் முறையிட்டால், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சிரித்துவிட்டு, வேண்டுமானால் மோட்டார் சாணையில் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். உளி நல்லதா கெட்டதா என்பதையே நாம் இன்னும் தீர்மானிக்கவில்லை. அந்தச் சக்கரத்தில் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டால் பிறகு எவராலும் தீர்மானிக்கவும் முடியாது.

உளியின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. எஃகைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தினால் அது கண்ணாடிபோல் கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் ஆகிவிடும். அதன் பிறகு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸில் மறுபடி காய்ச்சினால், கூர்மையைத் தாங்கும் அளவுக்குக் கடினமும், அடியைத் தாங்கும் அளவுக்கு உறுதியும் சேர்ந்து அமையும்; அதுதான் பதம். நல்ல மர உளிகளின் கடினம் பொதுவாக, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 58 முதல் 62 வரை இருக்கும். தண்ணீர் படாத மோட்டார் சாணையில் மெல்லிய முனை சில வினாடிகளில் 300 டிகிரியை எட்டி நீலம் பூத்துவிடும். நீலம் பூத்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அந்த நீலத்தைத் தேய்த்து மறைத்து, உளி பளபளக்கிறது என்று காட்டிக் கொடுப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் நீங்கள் மீண்டும் போய் நின்றால், "சாணை பிடித்த உளியைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்பார்கள். பிடித்துக் கொடுத்ததே அவர்கள்தான் என்பது அப்போது யாருக்கும் நினைவில் இருக்காது.

உளியின் மேல் 'குரோம் வனேடியம்' என்று பொறித்திருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். அது எஃகில் என்ன கலந்திருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அதை எப்படிப் பதம் பிடித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. ஸ்பேனர் செய்யவும் அதே கலவையைத்தான் எடுக்கிறார்கள். வாங்குபவருக்குத் தேவையான ஒரே எண் கடினத்தின் எண். பெரும்பாலான அட்டைப் பெட்டிகளில் பிடியின் நிறம்வரை எல்லாம் அச்சாகியிருக்கும், அந்த எண் மட்டும் இருக்காது. உத்தரவாதச் சீட்டிலோ 'உற்பத்திக் குறைபாடு' என்று ஒரு சொல் இருக்கும். எது குறைபாடு என்பதை உற்பத்தியாளரே தீர்மானிப்பார்.

இனி உங்கள் உளிக்கு வருவோம். முனை மடங்குகிறதா, உதிர்கிறதா என்று முதலில் பாருங்கள். விரல் நகத்தை முனையின் மேல் மெல்ல இழுத்தால் ஒரு பக்கம் சுருண்டு தட்டுப்பட்டால் அது மடங்கல். பல்பல்லாகப் பெயர்ந்திருந்தால் உதிரல். நீங்கள் சொல்வது மடங்கல்தான் என்றால், எஃகு மென்மையாக இருக்கலாம், அல்லது முனையின் சாய்வு மெலிந்திருக்கலாம். பல உளிகள் 25 டிகிரி சாய்வில் வருகின்றன. கையால் தள்ளிச் சீவ அது போதும், ஆனால் கெட்டி மரத்தில் கொட்டாப்புளியால் அடிக்க 30 டிகிரிக்குக் குறையக் கூடாது.

ஒரு விதிவிலக்கைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல உளிகள் பல இதனால்தான் வீணாகத் திருப்பி அனுப்பப்படுகின்றன. தொழிற்சாலையில் இறுதியாக மெருகேற்றும்போது முனையின் முதல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். அதற்கு உட்புறத்திலுள்ள எஃகு முழு நலத்தோடு இருக்கும். ஆகவே புதிய உளி முதல் நாளில் மடங்குவதை மட்டும் வைத்து அதைப் பழிக்க முடியாது. அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டரைத் தேய்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆனால் தேய்த்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடுமோ என்ற கேள்வி உடனே எழும், அது நியாயமான கேள்விதான். எனவே நான்கையும் ஒருசேரத் தீட்டாதீர்கள். மடங்கிய முனைகளை அருகிலிருந்து படம் எடுத்து, குறையையும் வாங்கிய நாளையும் குறிப்பிட்டு, ஓர் உளியை மட்டும் கையால் கல்லில் தீட்டிச் சோதிக்கப் போவதாக விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வாய்ப்பேச்சு போதாது. அவர் எழுத்தில் மறுத்தால், தீட்டாமலே மாற்றித் தரும்படி கேளுங்கள். மறுக்காவிட்டால் நான்கில் அகலம் குறைந்ததை எடுத்து, தண்ணீர்க் கல்லிலோ எண்ணெய்க் கல்லிலோ கையாலேயே, சற்று நேரம் எடுத்தாலும் பரவாயில்லை என்று, மூன்று மில்லிமீட்டர் தேயும்வரை தீட்டி, 30 டிகிரி சாய்வு கொடுத்து, கணு இல்லாத மரத்தில் அடித்துப் பாருங்கள். முனை நின்றால் எஃகு நல்லது, மற்ற மூன்றையும் அப்படியே தீட்டிக்கொள்ளலாம். மீண்டும் மடங்கினால் எஃகே மட்டம். மேற்கொண்டு உழைக்காமல் தொகுப்பு முழுவதையும் திருப்பிக் கொடுங்கள்.

ஐயம் தீரவில்லையென்றால் புதிய அரம் ஒன்றை எடுத்து, முனைக்கு அருகில் உளியின் பக்கவாட்டில் மெல்ல ஓட்டிப் பாருங்கள். பதமான எஃகில் அரம் வழுக்கும், அல்லது அரிதாகவே பற்றும். பிடிக்கு அருகிலுள்ள கழுத்தைப் போலவே முனைப்பக்கமும் எளிதாக அராவப்பட்டால் அது உளி வடிவில் உள்ள வெறும் இரும்பு.

இழைப்புளியின் கதை வேறு. அதில் பெரும்பாலும் எஃகில் குறை இருக்காது, முடிப்பு வேலையில்தான் இருக்கும். அலகின் மேல் திருகிப் பூட்டியிருக்கும் மேல்தகட்டை அலகோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே ஒளிக்கீற்று தெரிந்தால் சீவல் அந்த இடுக்கில்தான் நுழைந்து அடைக்கிறது. மேல்தகட்டின் விளிம்பைக் கல்லில் தட்டையாகத் தேய்த்து, கீற்று மறையும்வரை பொருத்துங்கள்; அரை மணி நேர வேலை. அடிப்பரப்பு முழுவதும் கண்ணாடிபோல் மட்டமாக வேண்டும் என்று சொல்லி அதற்குத் தனிக் கூலி கேட்பவர்களை நம்பாதீர்கள்: முன்விளிம்பு, அலகு வெளியே நீட்டும் வாய்க்கு முன்னுள்ள பகுதி, பின்விளிம்பு ஆகிய மூன்று இடங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும், நடுவே சிறு குழிவு இருந்தாலும் இழைப்பு கெடாது. வாயின் ஓரத்தில் மயிரிழைபோல் விரிசல் இருந்தால் மட்டும் தேய்க்கும் வேலையைத் தொடங்காமல், உளிகளோடு அதையும் அதே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புங்கள்.