காரைக்குடி–கோவை லாரிப் பயணம்: குதிரைக் காலுக்குக் கட்டுத்துணியா, பூட்ஸா?

காரைக்குடியிலிருந்து கோவைக்கு லாரியில் ஏற்றப் போகும் குதிரைக்கு இதுவரை காலில் எதுவும் கட்டிப் பழக்கமில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் வெல்க்ரோ ஒட்டும் பயண பூட்ஸே (காலைச் சுற்றி மாட்டும் மெத்தை உறை) வாங்குங்க சார். முன்காலில் முட்டிக்குக் கீழிருந்து குளம்பின் மேல்விளிம்பு வரை மூட வேண்டும்; வண்டி ஆடும்போது மிதிபடுவது அந்த விளிம்புதான். பின்காலுக்கு இன்னும் உயரமானது நல்லது.

கட்டுத்துணி, சுற்றத் தெரிந்த கைக்குத்தான். அடியில் பஞ்சுமெத்தை இல்லாமல் ஓரிடத்தில் இறுகினால் தசைநாண் கெடும். தளர்ந்தால் அவிழ்ந்து காலில் சிக்கும்.

நாலைந்து நாள் முன்பே லாயத்தில் பூட்ஸை மாட்டி நடக்கவிடுங்கள். முதலில் பின்காலை உதறும், பின்னால் நிற்காதீர்கள். நம்மூர் வெயிலில் பூட்ஸின் தடித்த நுரைப்பஞ்சுக்குள் கால் புழுங்கிவிடும். இரவில் கிளம்பி, மூன்று மணிக்கொருமுறை நிறுத்திப் பாருங்கள். லாரித் தரையில் ரப்பர் விரிப்பு உண்டுதானே? வழுக்கினால் எந்த பூட்ஸும் காப்பாற்றாது.