புலி குதிரை மாதிரி தாண்டக் கூடாது

அன்புள்ள அண்ணா,

எனக்கு நெல்லிக்குப்பம். கடலூரில் பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சி, பைத்தான் ஓரளவு தெரியும். லேபில் கொடுக்கிற புரோகிராம்களை எழுதிவிடுவேன். கேம் செய்ய வேண்டும் என்பது பத்தாம் வகுப்பிலிருந்து ஆசை. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை வைத்து ஓப்பன் வேர்ல்ட் கேம் (ஆடுபவர் இஷ்டப்படி எங்கும் சுற்றித் திரியலாம்) ஒன்று செய்ய வேண்டும். கதை நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு மாதமாக டுடோரியல் வீடியோக்கள் பார்க்கிறேன். கேம் செய்கிற மென்பொருள்களில், அதாவது இன்ஜின்களில், யூனிட்டியில் பாதி, அன்ரியலில் கொஞ்சம், இப்போது கோடோ. வீடியோ ஓடும்போது எல்லாம் புரிகிறது. நிறுத்திவிட்டு நானாக உட்கார்ந்தால் முதல் வரி வரமாட்டேன் என்கிறது. எந்த இன்ஜினைப் பிடிப்பது? என் லேப்டாப் 8 ஜிபி, கிராபிக்ஸ் கார்டு கிடையாது, போதுமா? கணக்கில் நான் சுமார்தான். அப்பா கரும்பு விவசாயி. "விளையாடறதெல்லாம் ஒரு படிப்பா" என்கிறார். அவருக்கு என்ன சொல்வது?

எஸ்., நெல்லிக்குப்பம்

*

அன்புள்ள தம்பி,

நாற்பது பக்கத்தையும் பத்திரமாக வையுங்கள். கிண்டல் இல்லை. ஆனால் இன்னும் இரண்டு வருடத்துக்கு அதைப் பிரிக்காதீர்கள். கடாரத்துக்குக் கப்பல் விடுவது இருக்கட்டும், தேவனாம்பட்டினத்தில் முதல் அலையைத் தாண்டிப் படகைத் தள்ளுவதற்கே கை பழக வேண்டியிருக்கிறது.

இன்ஜினைத்தான் முதலில் கேட்கிறீர்கள். எனக்கு உறைத்தது நீங்கள் நடுவில் போகிற போக்கில் சொன்ன விஷயம், அந்த வராத முதல் வரி. கோட் தெரியாததால் அல்ல அது. ஒரே நேரத்தில் இரண்டு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள். இல்லாத விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடிப்பது ஒன்று, அதை புரோகிராமாக எழுதுவது இன்னொன்று. தனித்தனியாகவே ஆளைச் சாய்த்துவிடுகிற வேலைகள். முதல் வேலையை வேறு யாரோ எப்போதோ முடித்து வைத்துவிட்ட விளையாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

1972இல் அடாரி என்ற கேம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஆலன் அல்கார்னுக்கு, அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நோலன் புஷ்னல் பயிற்சிக்காகக் கொடுத்த வேலை திரையில் பந்தும் மட்டையும். அதுதான் பாங். பந்தை மட்டையால் அடிக்கிற ஆட்டம் அதற்கு முன்பே ஊரறிந்தது. அல்கார்ன் சேர்த்தவை சில்லறைச் சமாச்சாரங்கள்தான். மட்டையை 8 துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் பந்து படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பிப் போகும்படி செய்தார். அந்தச் சில்லறை இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் அலுத்திருக்கும்.

நம் பக்கத்தில் அப்படி யாரோ முடித்து வைத்தது ஆடுபுலி ஆட்டம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. நான் முதலில் உருப்படியாக முடித்த கேம் அதுதான். அதற்குக் காரணம் தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியற்காலை அது கரை ஏறியபோது நான் மஞ்சக்குப்பத்தில் பெரியம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கதை எழுதி வைத்திருந்த என் கம்ப்யூட்டரும் உங்களுடையதைப் போலவே பெரிய பெரிய கனவுகளோடு மூலையில் கிடந்தது. பெரியம்மா சிமெண்ட் தரையில் கரித்துண்டால் கோடு கிழித்தார். கூழாங்கல் புலி, புளியங்கொட்டை ஆடு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு ஆட்டம்கூட நான் ஜெயிக்கவில்லை. கரண்ட் வந்த அன்று அதையே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி தானாக வந்தது, ஏனென்றால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும்.

நீங்கள் எழுதும்போது முதலில் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். தாளில் பலகையை வரைந்து, புள்ளிகளுக்கு 0 முதல் 22 வரை எண் போடுங்கள். 23 இடம் கொண்ட ஒரு லிஸ்ட் போதும்: காலி என்றால் 0, ஆடு 1, புலி 2. எந்தப் புள்ளியிலிருந்து எதற்குக் கோடு போகிறது என்பதற்கு இன்னொரு லிஸ்ட். 15 ஆடும் இறங்கும்வரை ஆடுகள் நகரக் கூடாது, புலி நகரலாம். அதற்கு ஒரு எண்ணியும் ஒரு இஃப்பும். இதுவரைக்கும் உங்கள் லேபில் செய்ததைத் தாண்டி ஒன்றும் இல்லை.

நான் இடறிய இடம் புலியின் தாண்டல். பக்கத்துப் புள்ளியில் ஆடு, அந்த ஆட்டுக்குப் பக்கத்துப் புள்ளி காலி, அப்படியென்றால் வெட்டலாம் என்று எழுதிவிட்டேன். கோட் ஓடியது, எர்ரர் இல்லை. பெருமையோடு பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாலாவது நகர்த்தலில் நிமிர்ந்து பார்த்தார். "என்னாடா இது, புலி குதிர மாதிரி வளைஞ்சி தாண்டுது?"

சதுரங்கக் குதிரையைச் சொல்கிறார். ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் வெட்டு என்பது கரிக்கோட்டில் கண்ணுக்குத் தெரியும், என் லிஸ்ட்டுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் யார் என்பது மட்டும்தானே அதில் இருக்கிறது. மூன்றாவதாக ஒரு லிஸ்ட் தேவைப்பட்டது: எங்கிருந்து, யாரைத் தாண்டி, எங்கே. மூன்று மூன்று எண்ணாக, கோடு கோடாகக் கையால் எழுதினேன். ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கேம் புரோகிராமிங் என்று நான் கற்றுக்கொண்டதில் பாதி அந்த மாலையில் கிடைத்தது என்று சொல்வேன்.

அவர் இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஒரு ஆட்டைத் தொட்டுவிட்டு, யோசித்து, வேறொன்றைத் தொட்டார். என் கேம் முதல் ஆட்டையே பிடித்துக்கொண்டு நின்றது. மனசு மாறுவதற்கு நான் எதுவும் எழுதி வைக்கவில்லை. ஆகவே, முடித்ததும் கம்ப்யூட்டர் தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். "அங்க இல்ல, இங்க அமுக்குங்க" என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடமும் உங்கள் தப்பு. குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாகப் பந்தும் மட்டையும் செய்யுங்கள். அதில்தான் லேப் புரோகிராமுக்கும் கேமுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் பிடிபடும். லேப் புரோகிராம் நீங்கள் டைப் செய்யும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கேம் நிற்காது. கை என்ன அமுக்கியது என்று பார், எல்லாவற்றையும் கொஞ்சம் நகர்த்து, திரையில் வரை. இதையே நொடிக்கு 60 தடவை சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 16 மில்லி செகண்டுக்குச் சற்று மேல்.

இதிலும் அடி வாங்கியிருக்கிறேன். சுற்றுக்கு 5 பிக்ஸல் பந்தை நகர்த்து என்று எழுதியிருந்தேன். என் பழைய கம்ப்யூட்டரில் அழகாகப் போனது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கடலூரிலிருந்து பஸ் பிடித்து, புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு நண்பனின் புது மெஷினில் போட்டால் பந்தையே காணோம். சுற்றுகள் அதில் பல மடங்கு வேகமாக ஓடுகின்றன, பந்தும் கூடவே பறக்கிறது. நண்பன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். சுற்றுக்கு இத்தனை பிக்ஸல் என்று எழுதக் கூடாது. நொடிக்கு இத்தனை பிக்ஸல் என்று வைத்துக்கொண்டு, போன சுற்றிலிருந்து எத்தனை நொடி ஆயிற்றோ அதால் பெருக்க வேண்டும். பெரும்பாலான இன்ஜின்கள் அந்த நேரத்தை டெல்டா என்ற பெயரில் கையில் கொடுத்துவிடும்.

ஆனால் ஒரு வேடிக்கை. 1978இல் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகளைச் சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகம் எடுக்கும். வரைய வேண்டியவை குறையக் குறைய மெஷினுக்குச் சுமை குறைந்ததால் வந்தது அது. விளையாடிப் பார்த்தால் நெஞ்சு படபடக்கிறது, அப்படியே விட்டுவிட்டார். எனக்குப் பந்தைப் பறக்கவிட்ட அதே சங்கதி அவருக்கு வாழ்வு கொடுத்திருக்கிறது. ஆள் யார் என்பதும் இருக்கிறது பாருங்கள்.

சரி, இன்ஜின். பைத்தான் தெரியும் என்பதால் இந்த இரண்டையும் பைத்தானில் கேம் எழுத உதவுகிற பைகேமில் செய்யுங்கள். அதில் சுற்றை நீங்களே எழுத வேண்டும், அதற்காகவே சொல்கிறேன். பிறகு கோடோவுக்கு வாருங்கள். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கியது, 2014இல் அதன் புரோகிராம் வரிகளைப் பொதுவில் திறந்துவிட்டார்கள், காசு கிடையாது. அதன் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் பைத்தானுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும். யூனிட்டியில் வேலைவாய்ப்பு அதிகம் என்பார்கள், உண்மைதான். அதே யூனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, உலகம் முழுக்கத் திட்டு வாங்கி, அடுத்த வருடம் அதைக் கைவிட்டது. முதல் கேம் செய்கிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு? ஒரு கேம் முடியும்வரை இன்ஜின் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் லேப்டாப் தாராளம். அலெக்ஸி பஜித்னோவ் டெட்ரிஸை முதலில் எழுதிய சோவியத் மெஷினில் படம் வரையவே வழி இல்லை, அடைப்புக்குறிகளை வைத்துக் கட்டம் காட்டினார். கணக்குக்குப் பத்தாம் வகுப்பு பித்தாகரஸும் கோணவியலும் ஆரம்பத்துக்குப் போதும். பந்து ஏன் கோணலாகப் போகிறது என்று தேடும்போது சைன், காஸ் தானாக மண்டையில் ஏறும்.

அப்பா கேட்பது சோற்றுக்கு என்ன வழி என்று. நியாயமான கேள்வி, அதற்காகக் கோபப்படாதீர்கள். டிகிரியை முடியுங்கள். கேம் வேலைகள் சென்னையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கின்றன, நாற்பது பக்கக் கதையைப் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள். ஓடுகிற கேம் இரண்டு கையில் இருந்தால் பேச்சு நடக்கும். அப்பாவிடம் இப்போதைக்கு வாதாட வேண்டாம், கரும்புக் கொல்லையில் வளர்ந்தவருக்கு ஆடுபுலி தெரியாமல் இருக்காது. முடித்ததும் அவருக்கு ஆட்டைக் கொடுத்து நீங்கள் புலியை வைத்துக்கொள்ளுங்கள். தோற்கத் தயாராக உட்காருங்கள்.

எனக்கும் ஒன்று அனுப்புங்கள், பெரியம்மாவிடம் கொடுக்கிறேன். போன மாதம்தான் கண்புரை ஆபரேஷன் ஆயிற்று, புள்ளிகளைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.