ஆஸ்டரிஸ்க்க வச்சு செஞ்ச கால் சாஃப்ட்வேர வித்தா சோர்ஸ் கோட குடுத்தே ஆகணுமா?

தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி எழுதிருக்காரு. ஆஸ்டரிஸ்க்குங்கிறது சும்மா கெடைக்கிற போன் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர், அத வச்சு ஒரு போன் சாஃப்ட்வேர் செஞ்சிருக்காரு, மீன்பிடி போட்டு தொழிலுக்குப் போறதுக்கு முந்துன நாள் சாயங்காலம் போட்டு ஓனருங்க எல்லாருக்கும் கால் போகும், எத்தனை ஐஸ் பார் வேணும்னு நம்பர அமுக்குனா ஐஸ் கம்பெனியில ஆர்டர் விழுந்துரும். இப்ப தூத்துக்குடியில ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனி அத வெலைக்குக் கேக்குது, ஆனா அவங்க ஆளு "ஆஸ்டரிஸ்க் ஜிபிஎல் லைசென்ஸ் (சாஃப்ட்வேர குடுத்தா அத எழுதுன மூலக் கோடான சோர்ஸையும் குடுக்கணும்ங்கிற லைசென்ஸ்), உன் கோட் முழுசையும் ஊருக்கே வெளியிட்டாகணும், சும்மா கெடைக்கிறதுக்கு நாங்க ஏன் காசு தரணும்"னு சொல்லி வெலைய பாதியாக்கப் பாக்குறாரு. இதுபோக ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜும் கேக்குது, அங்க பெரிய பிராண்டு பிபிஎக்ஸ் (ரூம் போன்கள இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி) இருக்கு. கடைசியா ஒரு வரி, சொந்தக்காரர் ஒருத்தர் சிம் கேட்வே (சிம் கார்டு போட்டு கால் கடத்துற பெட்டி) மாட்டி வளைகுடா கால்கள உள்ளூர் காலா இறக்கலாம், நல்ல காசுன்னு சொல்றாராம்.

தம்பி, அந்தக் கடைசி வரிக்குத்தான் எனக்கு பக்குனு ஆச்சு. அத தொடவே தொடாதீங்க. வெளிநாட்டுக் கால இன்டர்நெட்ல வாங்கி உள்ளூர் சிம் வழியா இறக்குறதுங்கிறது லைசென்ஸ் இல்லாம டெலிகாம் சேவை நடத்துறது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்துல 42ஆம் பிரிவு அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 2 கோடி ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்னு சொல்லுது. நம்மளது இலங்கைக்கு எதிர்த்தாப்புல இருக்கிற கடலோரம், இங்க அப்படி ஒரு பெட்டி கண்டுபிடிச்சா விசாரணை சிம்மோட நிக்காது, உங்க வீட்டுல உள்ளவங்க எல்லார் போனையும் எடுத்துப் பாப்பாங்க. சொந்தக்காரர் மனசு கோணுனாலும் பரவால்ல, முடியாதுன்னு சொல்லிருங்க.

இப்ப தூத்துக்குடி விஷயம். அவங்க ஆளு சொல்றது பாதி கூட சரியில்ல. ஆஸ்டரிஸ்க் ஜிபிஎல் ரெண்டாம் பதிப்புலதான் இருக்கு, அது உண்மை. ஆனா உங்க புரோகிராம் எங்க நிக்குதுங்கிறதுதான் கேள்வியே, ஆஸ்டரிஸ்க்குக்கு வெளிய தனி புரோகிராமா நின்னு ஏஎம்ஐ, ஏஜிஐ, ஏஆர்ஐ (வெளி புரோகிராம் பேசுறதுக்கு ஆஸ்டரிஸ்க் வச்சிருக்கிற மூணு வாசல், அதாவது இன்டர்ஃபேஸ்) வழியா "இந்த நம்பருக்கு கால் போடு, கட் பண்ணு"னு சொல்லுதா, இல்ல ஆஸ்டரிஸ்க்குக்குள்ளயே அதோட ஒரு பாகமா, மாட்யூலா ஏறுதா? வெளிய நின்னா கவலையே வேணாம், ஆஸ்டரிஸ்க்கோட லைசென்ஸ் ஃபைலயே திறந்து பாருங்க, இந்த மூணு இன்டர்ஃபேஸ் வழியா கட்டுப்படுத்துற புரோகிராம் ஜிபிஎல்ல இருக்கணும்னு அவசியமில்லைன்னு அவங்களே எழுதிருக்காங்க, நாளைக்கு ஒரு கோர்ட்டு மாத்திச் சொன்னாலும் நீங்க எந்த லைசென்ஸ்ல வேணும்னாலும் வச்சுக்க அனுமதி தர்றோம்னும் சேத்தே எழுதிருக்காங்க. அந்தப் பக்கத்த பிரிண்ட் எடுத்து அவரு முன்னாடி வைங்க.

ஆனா நீங்க இன்னொண்ணு எழுதிருக்கீங்க, அமுக்குற நம்பர வேகமா பிடிக்க சி மொழியில ஒரு சின்ன மாட்யூல் உள்ளயே போட்டிருக்கேன்னு. அது வேற கதை. அது ஜிபிஎல்லுக்குள்ள வந்துரும், லோடு ஆகும்போதே ஜிபிஎல்ல ஒத்துக்கிறேன்னு சொல்ற ஜிபிஎல் கீ கேக்குதுல்ல, அதுல நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. அதுக்காக ஊருக்கே வெளியிடணும்னு இல்ல, யாருக்கு அந்த மாட்யூல குடுக்குறீங்களோ அவங்களுக்கு அதோட சோர்ஸ் குடுக்கணும், அவங்க அத வேற யாருக்கும் குடுக்க உரிமை உண்டு, அவ்வளவுதான். அது பிடிக்கலன்னா அந்த வேலைய ஏஆர்ஐக்கு மாத்தி எழுதிருங்க, என் யோசனை அதுதான். அதுபோக ஆஸ்டரிஸ்க் ஏத்துன கம்ப்யூட்டரையே தூக்கிக் குடுக்குறீங்கன்னா ஆஸ்டரிஸ்க்கோட சோர்ஸையும் கூடவே குடுங்க, இல்ல மூணு வருஷத்துக்குக் குறையாம கேட்டா தருவோம்னு எழுதிக் குடுங்க. உங்க சர்வர்லயே ஓடி அவங்க பயன்படுத்த மட்டும் செஞ்சா இந்தக் கடமை எதுவுமே வராது.

தொண்டியில இருக்கிற நண்பர் பாதி கோட் எழுதுனாருன்னு சொன்னீங்கள்ல, அவரு உங்க சம்பளத்துல இருந்தாரா? இல்ல, வேலைக்கு இவ்வளவுன்னு பேசித்தான் குடுத்தீங்கன்னா அந்தக் கோடுக்கு அவருதான் சொந்தக்காரர், காசு குடுத்துட்டோம்ங்கிறதால மட்டும் அது உங்களுது ஆகாது. எழுத்துல வாங்கணும், அதுலயும் எத்தனை வருஷம், எந்தெந்த நாட்டுக்குன்னு போடலன்னா பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி அஞ்சு வருஷம், இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்குவாங்க. ஏற்றுமதி கம்பெனி நாளைக்கு கொழும்பு ஆபீஸ்லயும் போடணும்னா அங்கதான் மாட்டுவீங்க. நட்பு நல்லா இருக்கும்போதே கையெழுத்து வாங்கிருங்க, நான் இங்க பாத்த தகராறுல முக்கால்வாசி நட்பு கெட்டதுக்கப்புறம் வந்ததுதான்.

லாட்ஜுக்கு வர்றேன். பெரிய பிராண்டு பிபிஎக்ஸ்ல வெளி புரோகிராம் வந்து கால கட்டுப்படுத்தணும்னா அந்த இன்டர்ஃபேஸுக்குன்னு தனி லைசென்ஸ் விப்பாங்க, பெரும்பாலும் எத்தனை எக்ஸ்டென்ஷனோ அத்தனைக்கு. விண்டோஸ்ல டேப்பி (புரோகிராம் போன கட்டுப்படுத்துறதுக்கான இன்டர்ஃபேஸ்) சும்மாவே வருதேன்னு நீங்க கேக்குறது நியாயம், ஆனா அந்தப் பிபிஎக்ஸுக்கு உண்டான டிரைவரும் பெட்டிக்குள்ள அத திறந்துவிடுற சாவியும் கம்பெனிக்காரன் கையில இருக்கு. ஒரு லாகின வாங்கி நாப்பது ரூமுக்கும் ஓட்டலாமான்னு கேட்டிருக்கீங்க, வேணாம், அது ஒப்பந்த மீறல். சாவிய உடைச்சா இன்னும் மோசம், அதே பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. சட்டப்படி வாங்குன சாஃப்ட்வேரோட உங்க புரோகிராம் பேசுறதுக்குத் தேவையான விவரம் வேற எங்கயும் லேசுல கெடைக்கலன்னா அத ஆராஞ்சு கண்டுபிடிக்க 52ஆம் பிரிவு எடம் குடுக்குது, ஆனா பேசுற முறைய கண்டுபிடிக்கத்தான் அது, லைசென்ஸ் காச மிச்சம் பிடிக்க இல்ல. அந்த லைசென்ஸ லாட்ஜே அவங்க பேர்ல வாங்கட்டும், உங்க கொட்டேஷன்ல அத தனி வரியா காட்டிருங்க.

கால் சென்டருக்கு அரசாங்கப் பதிவு வேணுமான்னு பயந்திருக்கீங்க, அந்த ஓஎஸ்பி (கால் சென்டர் மாதிரி சேவைக்காரங்களுக்கான) பதிவ 2020 நவம்பர்லயே எடுத்துட்டாங்க. ஆனா ஐஸ் ஆர்டரோட சேத்து மீன்பிடி வல விளம்பரம், டீசல் ஆஃபர்னு போட ஆரம்பிச்சா சாதாரண பத்து இலக்க நம்பர்ல இருந்து போடக்கூடாது, 140ல ஆரம்பிக்கிற நம்பர் வாங்கணும்.

தூத்துக்குடிக்காரங்க அனுப்புன ஒப்பந்தத்துல "மூன்றாம் நபர் உரிமை எதுவும் இல்லை என உறுதியளிக்கிறேன்"னு ஒரு ஷரத்து இருக்கும், இருக்கிறபடியே கையெழுத்து போட்டுறாதீங்க, "ஆஸ்டரிஸ்க்கும் இணைப்புல சொன்ன மாட்யூலும் நீங்கலாக"ன்னு சேக்கச் சொல்லுங்க. சேக்க மாட்டேன்னா பேப்பர எடுத்துக்கிட்டு என்னப் பாக்க ராமநாதபுரம் வாங்க.